வேப்பிலை கட்டிய டிஸ்க் டிரைவ்

1. கீச்சிட்ட மத்தியானம்

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து கம்பியூட்டர் அறைக் கதவைத் திறந்தேன். முதலாவது டிஸ்க் டிரைவ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கரும்பலகையில் நகத்தால் கீறினால் பல் கூசுமே, அதே சத்தம். பக்கத்தில் நிஸாம் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மனோ, கரன்ட் போய்ப் போய் வந்திச்சி. அதுக்குப் பொறகுதான் இப்பிடிக் கத்துது. மகனுக்கு ஏதோ ஆகிட்டுது” என்றார்.

மகன் என்றால் அவர் பெற்ற மகன் அல்ல. நிஸாமுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. மகன் என்பது டிரைவுக்குள் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் பேக்கின் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் கண்டியில் கம்பியூட்டர் துறை இளைஞர்களின் ஒன்றுகூடலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பழைய காலத்துக் கதைகள் பேச்சுக்கு வந்தன. ஒரு தம்பி எழுந்து, “நம்ம டவுன்ல ஒரு கம்பனியில அந்தக் காலத்துல கம்பியூட்டருக்கு வேப்பிலை கட்டி அம்மன் பூசை செஞ்சாங்களாம்!” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வாயில் இருந்த வடை புரைக்கேறும்வரை சிரித்தேன். ஏனென்றால் அந்த வேப்பிலையைக் கட்டியவள் நான்தான். பூசை மட்டும் நடக்கவில்லை. நடந்ததை எழுதிவைத்தால் அடுத்த ஒன்றுகூடலிலாவது கதையைச் சரியாகச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2. தாத்தா, அப்பா, மகன்

எங்கள் டிரைவ் ஒவ்வொன்றும் உடுப்புத் துவைக்கும் மெஷின் அளவு இருக்கும். மூடியைத் திறந்து உள்ளே டிஸ்க் பேக்கை இறக்க வேண்டும். பேக் என்பது பழுப்புப் பூச்சுப் பூசிய தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. தெளிவான பிளாஸ்டிக் மூடியும், தூக்குவதற்கு ஒரு கைபிடியும் உண்டு. அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தால் கல்யாணக் கேக் கொண்டுபோகிற மாதிரி இருக்கும். இன்று உங்கள் போனில் இருக்கும் ஒரு கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை மாலையைக் கையில் எடுப்பதற்குள் அந்தப் பேக் நிரம்பிவிடும். சிரியுங்கள், பரவாயில்லை. அன்று அது எங்களுக்குக் கடலாகத் தெரிந்தது.

தட்டுகள் சுழலும்போது ஹெட் என்ற சின்னஞ்சிறு உறுப்பு அவற்றைத் தொடாமல் மிதக்கும். நடுவில் உள்ள இடைவெளிக்குள் ஒரு தலைமயிர்கூட நுழையாது. ஹெட் தட்டில் முட்டிவிட்டால் பூச்சு உரிந்து தூளாகப் பறக்கும், எழுதியதெல்லாம் போய்விடும். அதற்குப் பெயர் ஹெட் க்ராஷ். எங்களுடைய தொழிலில் அதைவிடக் கெட்ட சொல் கிடையாது.

டிரைவ் நடக்குமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். நடக்கும். பெயர்களை வரிசைப்படுத்தும் பெரிய சோர்ட் வேலை ஓடும்போது ஹெட்டுகள் முன்னும் பின்னும் பாய்கிற வேகத்தில் முழு மெஷினும் குலுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயரும். நிஸாம் தரையில் சோக்கால் கோடு கீறி, எந்த டிரைவ் முந்துகிறது என்று பந்தயம் வைப்பார். தோற்றவர் எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கித்தர வேண்டும். எங்கள் மனேஜர் மரியதாசன் சேருக்கு இந்தப் பந்தயம் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் அவரே மெதுவாக வந்து, “பிள்ளையள், ரெண்டாவதுதான் வெல்லும். அதின்ரை ஒரு கால் கட்டை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியதாசன் சேர் யாழ்ப்பாணத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தூசியைக் கண்டால் சாத்தானைக் கண்டதுபோல் துள்ளுவார். சப்பாத்தைக் கழற்றாமல் யாரும் கம்பியூட்டர் அறைக்குள் போக முடியாது. அவரைத் தவிர அறையில் மூன்று பேர். கெலிஓயாவிலிருந்து வரும் நிஸாம் மூத்த ஒப்பரேட்டர். நான் இளைய ஒப்பரேட்டர், கண்டி டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள். டேட்டா என்ட்ரிக்குச் சோமா அக்கா. அவர் தெல்தெனியாவைச் சேர்ந்த சிங்களப் பெண். அவருக்குத் தமிழ் பாதி வரும், மீதிக்குக் கை பேசும்.

கம்பனி தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. எங்கள் வேலை, தோட்டத்து ஆட்களின் சேவைப் பதிவுகளைக் கம்பியூட்டரில் ஏற்றுவது. யார், யாருடைய பிள்ளை, எந்த வருடம் பெயர் பதிந்தார், எந்த மலையில் வேலை என்று எல்லாம் அதில் இருக்கும். வேலையிலிருந்து நிற்கும்போது ஓர் ஆளுக்கு உரியதைக் கேட்டு வாங்க அந்தப் பதிவுதான் ஆதாரம். என் பெரியம்மா முத்தாயி கொழுந்து பறித்த தோட்டமும் அதில் ஒன்று. அவருடைய பதிவை நானே ஏற்றினேன். விரல்கள் பெருமையில் இரண்டு தரம் பிழையாகத் தட்டின.

ஒவ்வொரு வாரமும் முழுப் பேக்கையும் இன்னொரு பேக்குக்குப் பிரதி எடுப்போம். இப்போது ஓடுவது மகன். போன வாரத்துப் பிரதி அப்பா. அதற்கு முந்தியது தாத்தா. உலகம் முழுக்கக் கம்பியூட்டர்காரர் வைத்திருந்த முறை அதுதான், பெயரும் அதுதான். மகனுக்கு ஏதும் நடந்தால் அப்பாவிலிருந்து இன்னொரு மகனை எடுக்கலாம். மனிதர்களுக்கு இந்த வசதி இல்லை.

அது யுத்தமும் கலகமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்த காலம். வடக்கில் சண்டை. தெற்கில் வேறொரு கிளர்ச்சி. கடையைப் பூட்டச் சொல்லித் துண்டுக் கடதாசி ஒட்டுவார்கள், பஸ் ஓடாது, ட்ரான்ஸ்போமரை வெடிக்கவைப்பார்கள், தோட்டத்து ஆபீஸ்களுக்குத் தீ வைப்பார்கள். அப்படி எரிந்தவற்றில் பெரியம்மாவின் தோட்டத்து ஆபீஸும் ஒன்று. நாங்கள் பதிவேடுகளை ஏற்றிமுடித்துத் திருப்பி அனுப்பிய பிறகு அவை அங்கே கிடந்து சாம்பலாகின. அதன்பின் அந்த ஆட்களின் சேவைக்கு எங்கள் டிஸ்க் பேக்குகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் செய்தி வந்த அன்றே மரியதாசன் சேர் தாத்தாவை ஆபீஸில் வைக்க வேண்டாம் என்று சொல்லி நிஸாமின் வீட்டுக்கு அனுப்பினார். நிஸாமின் உம்மா தன் அலுமாரியில் கல்யாணச் சேலைகளுக்கு நடுவில் அதற்கு இடம் ஒதுக்கினார்.

3. மாற்றிப் போட்டுப் பார்

இனிக் கீச்சிட்ட மத்தியானத்துக்கு வருவோம்.

மின்குமிழ் எரியாவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கழற்றி அடுத்த ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம். டோர்ச் எரியாவிட்டால் பற்றரியை மாற்றிப் பார்ப்போம். இந்த நாட்டில் சாதி, மதம், மொழி கடந்து எல்லோருக்கும் பொதுவான ஒரே வைத்தியம் அதுதான். நிஸாமும் அதைத்தான் செய்தார். மகனைக் கழற்றி இரண்டாவது டிரைவில் போட்டார்.

இரண்டாவது டிரைவும் கீச்சிட்டது.

சத்தம் கேட்டு மரியதாசன் சேர் ஓடிவந்தார். “டிரைவிலை பிழையோ, பேக்கிலை பிழையோ எண்டு முதல்லை பாக்கவேணும்” என்றார். நியாயமான பேச்சு. முதலாவது டிரைவில் அப்பாவை இறக்கினார். நான்தான் மூடியைப் பிடித்துக் கொடுத்தேன். ரெடி விளக்கு எரியுமா என்று நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்கு எரியவில்லை. அப்பா மகனை விடச் சத்தமாகக் கத்தினார்.

பேக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார் சேர். பழுப்புத் தட்டில் வெள்ளி வளையல் போல ஒரு கீறல் சுற்றியோடியது. அவர் முகம் வெளிறியது. ஹெட்டில் காயம் பட்டால் அது தொடும் தட்டு கெடும். கெட்ட தட்டு அடுத்த ஹெட்டைக் கெடுக்கும். அந்த ஹெட் அதற்கடுத்த தட்டைக் கெடுக்கும். அவருக்கு இது தெரியாதா என்ன, புத்தகத்தில் படித்தவர்தான். ஆனால் கீச்சுச் சத்தம் கேட்கும்போது புத்தகம் ஞாபகத்துக்கு வராது, கைதான் முந்தும்.

சோமா அக்கா தட்டை எட்டிப் பார்த்தார். “ஐயோ மனோ, இது தெவியன்கே லெடே மாதிரி. ஒராளுக்கு வந்தா எல்லாருக்கும் வாறது” என்றார். அம்மைக்குச் சிங்களத்தில் தெய்வத்தின் நோய் என்றுதான் பெயர்.

சேர் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். லைன் சரியில்லாததால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “மகனும் போயிட்டான், அப்பாவும் போயிட்டார், இனித் தாத்தா ஒராள்தான் மிச்சம்!” கீழ்மாடிக் கடைக்காரர் பதறிப்போய், அனுதாபம் சொல்ல ஆள் அனுப்பினார்.

4. மூன்று மொழி நோட்டீஸ்

டிரைவைத் திருத்தக் கொழும்பிலிருந்து இஞ்சினியர் வர வேண்டும். ஊரடங்கு, ஹர்த்தால், பஸ் இல்லை, ரயில் இல்லை. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை டிரைவைத் தொடக் கூடாது என்று சேர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிவப்பு மையால் நோட்டீஸ் எழுதி இரண்டு மூடியிலும் ஒட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அதை முதலில் மீறியவர் நிஸாம். “எல்லாத் தட்டுமா கெட்டிருக்கும்? வெறும் பேக் ஒண்டு ஈக்குது, அதப் போட்டுப் பாத்தா என்ன?” என்று போட்டார். வெறும் பேக்கும் போயிற்று.

இரண்டாவதாக மீறியவர் நோட்டீஸை எழுதியவர். டைரக்டர் காலையும் மாலையும் போன் செய்துகொண்டே இருந்தார். எரிந்த தோட்டங்களின் பெயர்ப் பட்டியல் தன் கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களின் சேவையை நிரூபிக்க முடியாமல் போகும் என்பார். போனை வைத்ததும் சேர் நேரே டிரைவுக்குப் போவார், நோட்டீஸில் ஒரு மூலையை உரிப்பார், மறுபடி ஒட்டுவார். ஒருநாள் நான் திடீரென்று கதவைத் திறந்தபோது மூடியைப் பாதி தூக்கிக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, நான் தொடேல்லை” என்றார். கை மூடியில்தான் இருந்தது.

“தொட்டுட்டீங்களே சேர்!”

“சும்மா பாத்தனான். தாத்தாவை ஒருக்காப் போட்டுப் பாத்தால் என்ன எண்டு ஒரு யோசினை. கடவுள் கண் திறந்தால் ஓடும்தானே?”

“ஓடலைன்னா?”

அவர் மூடியை வைத்தார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறைப்பானேன், எனக்கும் கை குறுகுறுத்தது. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்: “மனோகிட்ட கேளு, என் பேரு அந்தப் பொட்டியில பத்திரமா இருக்கான்னு.” நான் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். எங்கே இருக்கிறது? கெலிஓயாவில் ஒரு அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இங்கே நாலு பேரின் கையும் துடித்துக்கொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் பொறுமை இழந்து தாத்தாவைக் கொண்டுவந்து போட்டால் அந்தத் தோட்டத்தில் பெரியம்மா ஒருநாள்கூடக் கொழுந்து பறிக்காதவள் ஆகிவிடுவாள்.

5. சோமா அக்காவின் பை

வார முடிவில் ஊரடங்கு தளர்ந்தபோது சோமா அக்கா மரக்கறி லொறியில் ஏறித் தெல்தெனியாவுக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை. அதில் பச்சைப் பசேலென்று வேப்பிலை. கண்டி மழைக்கு வேம்பு செழிப்பதில்லை. தெல்தெனியா வெயில் கூடிய பக்கம், அங்கே கிடைக்கும். அக்காவின் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. அவர் அப்போது தங்கியிருந்த, கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலை வீட்டு வாசலில் கட்டுவதற்காக அதைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறி தட்டியது.

“அக்கா, வாசல்ல வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள நீங்க போவீங்களா?”

“பைத்தியமா? யாரு போவாங்க? தபால்காரனும் வெளிய நிக்கிறது.”

“டைரக்டர் போவாரா?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டிரைவைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாதி வேப்பிலையை அப்படியே என் கையில் தந்தார்.

கட்டுவதில் ஒரு சிக்கல். இலை உதிர்ந்தால் தூசி, தூசி என்றால் சேர் பேயாடுவார். ஆகவே இலையைக் கழுவி, துடைத்து, கம்பியூட்டர் ரிப்பனோடு வந்த தெளிவான பொலித்தீன் பைகளுக்குள் போட்டு, வாயை டேப்பால் இறுக்கி ஒட்டினோம். மஞ்சள் துணிக்கு எங்கே போவது? என் அப்பாவின் கடையிலிருந்து மஞ்சள் கயிறு கொண்டுவந்தேன். இரண்டு டிரைவ் மூடியிலும் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டோம். உலகத்திலேயே தூசி புகாத வேப்பிலை அதுவாகத்தான் இருக்கும்.

நிஸாம் வந்தார், பார்த்தார், கதவடியிலேயே நின்றுவிட்டார். “எங்கட ஊட்டுலயும் இத வெச்சா நான் அந்த அறப் பக்கமே போறல்ல” என்றார். அதோடு அவருடைய கைக்குறுகுறுப்புத் தீர்ந்தது.

சேர் வந்தார். முகம் சிவந்தது. “இது கம்பியூட்டர் அறையோ, அம்மன் கோயிலோ?” என்று சத்தம் போட்டார். விறுவிறுவென்று டிரைவை நோக்கி நடந்தார். வேப்பிலைக் கொத்துக்கு ஒரு முழம் தள்ளி நடை நின்றது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நாங்கள் வேதக்காரர், பிள்ளை. எண்டாலும் எனக்கு அம்மாள் வருத்தம் வந்த நேரம் எங்கட அம்மாவும் இதைத்தான் கட்டினவ” என்றார். குரல் இறங்கியிருந்தது. “சரி, கிடக்கட்டும். என்ரை நோட்டீஸிலும் பாக்க இது நல்லா வேலை செய்யும்.”

அன்றைக்குப் பிறகு அவர் கை அந்த மூடிக்குப் போகவில்லை. டெலிபோன் அடித்தால் டிரைவுக்குப் பதிலாக ஜன்னலடிக்குப் போய் நின்றார்.

6. டைரக்டரின் மடியில் தாத்தா

ஒரு காலை நிஸாம் வேலைக்கு வரவில்லை. நேரம் கடந்தபிறகு வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து நிஸாம் இறங்கினார், முகத்தில் ஈயாடவில்லை. பின் இருக்கையில் டைரக்டர். அவர் மடியில் தாத்தா.

நிஸாம் என்னிடம் ஓடிவந்து குசுகுசுத்தார். “ஊரடங்கு பாஸோட கொழும்புலேந்து வந்து, நேரா கெலிஓயாக்கே வந்துட்டார், மனோ. உம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டார். நான் என்னத்தச் சொல்ல? இண்டைக்குப் போட்டே ஆகணுமாம். வழியெல்லாம் மடியில வெச்சிக்கிட்டே வந்தார், டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லிச் சொல்லி.”

டைரக்டர் உயரமான சிங்களக் கனவான். கொழும்பில் ஆங்கிலத்தில் மட்டும் கோபப்படுகிறவர். மரியதாசன் சேர் குறுக்கே போய் ஹெட், தட்டு, கீறல் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “விளக்கம் போதும், மரியதாசன். எனக்குப் பட்டியல் வேண்டும். ஏதாவது ஒரு டிரைவ் ஓடும்” என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். அந்த மட்டில் நல்ல மனிதர். தாத்தாவை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். என் நெஞ்சு அடித்த அடியில் ஏசிச் சத்தமே கேட்கவில்லை.

இரண்டடி உள்ளே போனவர் அப்படியே நின்றார். எதிரே இரண்டு டிரைவிலும் வேப்பிலை.

அவர் சட்டென்று சிங்களத்துக்கு மாறினார். “யாருக்குச் சுகமில்லை?” என்று சோமா அக்காவைக் கேட்டார். கேட்ட குரல் டைரக்டர் குரல் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கிற குரல்.

“இவர்கள் இரண்டு பேருக்கும், சேர்” என்று சிங்களத்தில் சொன்னார் அக்கா, டிரைவுகளைக் காட்டி. “மகனுக்கு வந்தது. அப்பாவுக்குத் தொற்றியது. வெறும் பேக்குக்கும் வந்தது. உங்கள் கையில் இருப்பவருக்கு மட்டும் இன்னும் வரவில்லை.”

டைரக்டர் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு என்ன செய்தார் என்பது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தாத்தாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பாமல், பின்னாலேயே நடந்து அறைக்கு வெளியே வந்தார். அம்மை வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறவர் அப்படித்தான் வருவார்.

வெளியே வந்து என் மேசையில் பேக்கை மெல்ல வைத்தார். நீண்ட மூச்சு விட்டார். “இஞ்சினியர் வருவதற்கு என்ன தடை?” என்று கேட்டார்.

“வாகனமும் இல்லை, பாஸும் இல்லை” என்றார் சேர்.

“என்னிடம் இரண்டும் இருக்கிறதே. முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே!”

முதலிலிருந்தே சேர் அதைத்தான் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அதை யார் ஞாபகப்படுத்துவது? சும்மா தலையை ஆட்டினோம். டைரக்டர் அன்றைக்குக் கண்டியிலேயே தங்கிவிட்டார். அவருடைய கார் இஞ்சினியரைக் கூட்டிவரக் கொழும்புக்குத் திரும்பிப் போனது. நிஸாம் தாத்தாவைத் திருப்பிக் கெலிஓயாவுக்குக் கொண்டுபோகக் கேட்டபோது டைரக்டர், “வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், உள்ளே மட்டும் விடாதே” என்றார்.

7. தண்ணீர் வார்த்தல்

இஞ்சினியர் டெனிஸ் பறங்கியர், ஐரோப்பிய வழிவந்த இலங்கையர். கொழும்புத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வசனத்தில் போட்டுக் கலக்குவார். உள்ளே வந்து வேப்பிலையைக் கண்டதும் கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

“சிரிக்கிறேன்னு கோவிக்காதீங்க. நான் போற எடத்துல எல்லாம் ஒண்ணை மாத்தி ஒண்ணைப் போட்டு, கடைசிப் பேக் வரைக்கும் கொன்னுட்டுத்தான் எனக்குப் போன் போடுவாங்க. ஒரு பேக்காவது உயிரோட மிச்சம் வெச்சிருக்கிறது இங்கதான் பாக்கிறேன்” என்றார்.

இரண்டு டிரைவையும் பிரித்தார். கெட்ட ஹெட்டுகளைக் கழற்றினார். கொண்டுவந்த புது ஹெட்டுகள் ஒரு டிரைவுக்குத்தான் போதுமாக இருந்தன. உள்ளே படிந்திருந்த பழுப்புத் தூளை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். சோமா அக்கா கதவடியில் நின்று, “தண்ணி வாக்கிறார், தண்ணி வாக்கிறார்” என்று எனக்குக் கண் காட்டினார். அம்மை இறங்கினால் தலைக்கு முதல் தண்ணீர் வார்ப்பது அவர்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீருக்குப் பதில் இங்கே ஸ்பிரிட், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெனிஸ் முதலில் தன்னோடு கொண்டுவந்த வேண்டாத பேக் ஒன்றைப் போட்டு ஓட்டினார். ரெடி விளக்கு எரிந்தது. நிறுத்தி, கழற்றி, தட்டை வெளிச்சத்தில் பார்த்தார். கீறல் இல்லை. மறுபடியும் போட்டார், மறுபடியும் பார்த்தார்.

“இனிப் பெரியவரக் கூப்பிடுங்க” என்றார்.

யார் போடுவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டைரக்டர் தன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மரியதாசன் சேர், “மனோ, நீர் போடும். எங்களுக்கெல்லாம் கைராசி சரியில்லை” என்றார்.

தாத்தாவை இறக்கினேன். கைபிடியைத் திருகினேன். மூடியை எடுத்தேன். தட்டுகள் சுழலத் தொடங்கின. முனகல் மெதுவாக உயர்ந்து ஒரே சுருதியில் நின்றது. ஹெட்டுகள் உள்ளே போகும் ‘டக்’ என்ற சத்தம் கேட்டது. அதன்பிறகு கீச்சு இல்லை. ரெடி விளக்கு பச்சையாக எரிந்தது.

நிஸாம் “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தினார். சேர் சிலுவை போட்டார். சோமா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். மேசைக்குப் போய் எரிந்த தோட்டத்தின் பெயர்களைத் திரைக்கு அழைத்தேன். முத்தாயி இருந்தார், பதிந்த வருடத்தோடு, மலையின் பெயரோடு.

டெனிஸ் போகுமுன் ஒரு வேப்பிலைப் பொலித்தீனை அவிழ்த்துத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அதைக் காட்டி இந்தக் கதையைக் கொழும்பு முழுக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏறி, கடைசியில் அது அம்மன் பூசையாகி எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. அன்று நடந்தது பூசை அல்ல, சாப்பாடு. நிஸாமின் உம்மா வட்டிலப்பம் அனுப்பினார், சோமா அக்கா கிரிபத் என்ற பாற்சோறு கொண்டுவந்தார், எங்கள் வீட்டிலிருந்து வடை வந்தது. எல்லாவற்றையும் வராந்தாவில் வைத்துத்தான் சாப்பிட்டோம். கம்பியூட்டர் அறைக்குள் ஒரு பருக்கையைக்கூடச் சேர் விடவில்லை.

8. பெயர் வாசிப்பு

பட்டியல் அச்சானதும் டைரக்டர் நல்ல காரியம் ஒன்று செய்தார். தாள் சரி என்று நாம் சொல்லிப் பயனில்லை, அந்த ஆட்களே கேட்டுச் சரி சொல்லட்டும் என்று எரிந்த தோட்டங்களிலிருந்து ஆட்களை லொறியில் அழைத்துவரச் செய்தார். அவர்கள் ஆபீஸ் முற்றத்தில் கூடினார்கள். ஓட்டையிட்ட ஓரமுள்ள நீளத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் படியில் நின்று வாசித்தேன். பெயர், தகப்பன் பெயர், பதிந்த வருடம். ஒவ்வொருவரும் “இருக்கேங்க” என்றார்கள். சிலர் வருடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் நிற்பவரிடம் “கேட்டியா?” என்று பெருமையாகத் திரும்பினார்கள். ஒருவர், “எங்கப்பா பேரைச் சரியாப் போட்டிருக்காங்கடா” என்று சிரித்தார். கலகக் காலத்தில் அத்தனை சிரிப்பை நான் ஓரிடத்தில் கேட்டதில்லை.

அந்த வேலையில் நான் கற்றதை இளம் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று கெட்டால், எதனால் கெட்டது என்று தெரியும்வரை நல்லதை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எச்சரிக்கை எழுதினால் வாசிப்பவருக்கு விளங்குவது போதாது, அவருடைய கை நிற்க வேண்டும். உங்கள் ஊரில் கை எதைக் கண்டு நிற்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்த மெஷின் புத்தகத்திலும் அது இருக்காது.

பெரியம்மாவின் பெயர் கடைசிப் பக்கத்தில் வந்தது. வாசித்தேன். பதில் இல்லை. மறுபடி வாசித்தேன். கூட்டத்துக்கு நடுவில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்து நின்றார். பக்கத்தில் நின்ற பெண் விலாவில் இடித்தாள்.

“சொல்லு முத்தாயி, இருக்கேன்னு சொல்லு.”

“இருடி” என்றார் பெரியம்மா. “இன்னொருவாட்டி வாசிக்கட்டும்.”

நான் இன்னொரு தரம் வாசித்தேன், முற்றம் முழுக்கக் கேட்கும்படி.